பதினேழா, பதினெட்டா

கிம்லியில் அன்றைக்கு மைனஸ் இருபத்தொன்பது.
கராஜ் கதவின் அடியில் பழைய போர்வையைத் திணித்துவிட்டு
நாற்பது லிட்டர் எவர்சில்வர் அண்டாவை
நடுவில் வைத்தோம், நானும் தோர்தீஸும்.
தேவாலயக் கூடத்தில் சோளக்கதிர் அவித்த அண்டா.
ஏலத்தில் பன்னிரண்டு டாலர்.
உள்ளே ஒரு கோடு கிடையாது, ஓர் எண் கிடையாது.
அடியில் ஒரு நசுங்கல் மட்டும்,
யாரோ முழங்காலால் இடித்த மாதிரி.

ஆரமும் உயரமும் நேரான பாத்திரத்துக்கு,
இதற்கு ஊற்றித்தான் பார்க்க வேண்டும் என்றாள்.
ஒடிந்த துடுப்பின் கைப்பிடி ஒன்று கிடந்தது, மேப்பிள்.
இருபதுக்குக் கீழே யாருக்கு வேண்டும்,
முதல் வெட்டு இருபதில்,
பிறகு லிட்டருக்கு ஒன்று.
மீன் கத்தி அவள் கையில்.
குவளை என் கையில்.

முப்பது வருடம் பெட்ரோல் பங்க் வைத்திருந்தவன் நான்.
மண்ணுக்கடியில் கிடக்கும் தொட்டியைக்
கோலின் ஈரம் பார்த்துச் சொல்வேன்.
கண்ணெதிரே ஊற்றுவது எனக்குத் தப்புமா?

பதினேழில் அவள் போன் அடித்தது.
நெடுஞ்சாலை மூடிவிட்டதாம்,
பனி தள்ளும் வண்டியை எடுக்கச் சொல்கிறார்கள்.
ஐந்து நிமிடம், ஐந்து நிமிடம் என்று
மூன்று முறை சொல்லிவிட்டுத் திரும்பினாள்.
என் கையில் காலிக் குவளை.

ஊற்றிவிட்டாயா?
ஊற்றிவிட்டேன்.
அது பதினேழாவதா, பதினெட்டாவதா?

பதினெட்டு என்றேன்.
பதினேழு என்றாள்.
கத்தி வைத்திருந்தவள் கணக்கே நின்றது.
இன்னும் மூன்று ஊற்றி
சரக்கென்று வெட்டினாள், இருபது என்று.
எனக்கு அது இருபத்தொன்று.

அந்தக் கோலோடு ஆறு குளிர்காலம்.
மால்ட் ஊறிய தண்ணீர் கொதித்து நுரை பொங்க,
ஹாப்ஸ் வாசனையில் கராஜே தும்ம,
கோலை இறக்கி அவள் ஓர் எண் சொல்வாள்.
நான் மனதுக்குள் ஒன்றைக் கூட்டிக்கொள்வேன்.
ஒரு தடவை புளித்துப்போய்
பனி உருகும் மாதத்தில் ஏரியோரம் கொண்டுபோய்க் கொட்டினோம்.
கொட்டும்போதும் கோலை விட்டுப் பார்த்தாள்.
இருபத்திரண்டு, என்று குறித்துக்கொண்டாள்.
இருபத்துமூன்று, என்று நான் ஏரியிடம் சொன்னேன்.
மற்றபடி ஒன்றும் சோடை போகவில்லை.
அதுதான் எனக்கு உறுத்தல்.
கணக்குத் தப்பு, பீர் மட்டும் எப்படிச் சரி?

போன செப்டம்பரில் தண்டர் பே போய்விட்டாள்,
மகனுக்கு அங்கே வேலை.
அண்டாவை நீ வைத்துக்கொள், கோல் எனக்கு என்றாள்,
அப்புறம் கோலையும் விட்டுவிட்டுப் போனாள்.

நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை.
மீன் நிறுக்கும் தராசை உத்தரத்தில் மாட்டி
வாளி வாளியாகத் தண்ணீரை நிறுத்து ஊற்றினேன்.
கிலோவுக்கு ஒரு லிட்டர், இதில் வாதம் இல்லை.
முதல் வெட்டைத் தண்ணீர் தொட்டபோது
சரியாக இருபத்தொன்று.

மணி பதினொன்றரை. போன் போட்டேன்.
இருபத்தொன்று, தோர்தீஸ். நிறுத்துப் பார்த்தேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
பிறகு கேட்டாள்:
சூடா, குளிரா?

குளிர்.

குளிர்ந்த தண்ணீரில் எவன் பீர் காய்ச்சுகிறான்?
ஒரு லிட்டரை முகந்து வெளியே எடு.
இருபதைக் கொதிக்கவிடு.
எங்கே நிற்கிறது என்று சொல்.

போனைப் பெயின்ட் டப்பா மேல் வைத்துவிட்டு
அடுப்பைப் பற்றவைத்தேன்.
ஒரு மணி நேரம் ஆயிற்று.
அவளும் வைக்கவில்லை. அங்கே அவள்
எதையோ மென்றுகொண்டிருந்தது கேட்டது.
தண்ணீர் முனகி, உருண்டு, எழுந்தது.
அடுப்பைத் தணித்துக் கோலை நட்டேன்.

வெட்டுக்கு ஒரு நெல் தடிப்பு கீழே நின்றது.
வெந்த இருபது
கிட்டத்தட்ட என் இருபத்தொன்றாக வீங்கி.

எத்தனை? என்றாள்.

கண்ணாடியில் ஆவி, ஒன்றும் தெரியவில்லை,
பொறு, அளக்கிறேன் என்றேன்.

அளக்கிறாய், அளக்கிறாய், என்றாள்.